ஒரு சேலை நீளக் கரை

மகன் சவிரியான்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கோயில் முன்றலில் வைத்துத் தபால்காரர் தந்தார். அங்கேயே நின்று ஒரு தரம் எனக்குள் வாசித்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்குக் கேட்கும்படி உரத்து ஒரு தரம் வாசித்தேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. உச்சமுனையிலிருந்து பெண்வீட்டார் இரண்டு வள்ளத்தில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூறைச்சேலையை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை எங்கே வைத்தோம் என்று இரண்டு நாளாகத் தேடுகிறாள். கோயிலில் கலியாண அறிவித்தல் ஒரு ஞாயிறு வாசித்தாயிற்று. எல்லாம் நல்ல செய்திதான். பதில் எழுதக் கை வராமல் போனது, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த ஒரு காரியத்தால்.

கொழும்பில் வீடு கிடைக்கும் வரைக்கும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ பிலோமினா எங்களோடு இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்கு அது பெரிய சந்தோசம். ஆனால் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் ஊர்ப் பெண்கள் வந்து அவளைக் கரைக்குக் கூப்பிடுவார்களே, அப்போது அப்பா வாசலில் நின்று, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட வேண்டும் என்கிறாய். துறைமுகத்துக் கிளாக்கரின் பெண்சாதி தலையில் ஓலை சுமந்துகொண்டு மணலில் நடப்பது அழகில்லை என்கிறாய். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டபடியால் கரையில் அவள் பார்த்துவந்த எங்கள் துண்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறாய். நீ கேட்டு நான் மறுத்த காரியம் அதிகம் இல்லை. உனக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவன் நான்தான் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் இந்தக் காரியத்துக்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு வரியில் பதில் எழுத எனக்கு ஏலவில்லை. இதே வார்த்தையை இதே வாசலில் நின்று ஒரு தரம் நான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நாங்கள் முழுதாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

நம்முடைய ஊர் எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கே கடல், கிழக்கே உப்பங்கழிக் களப்பு, நடுவில் நாம் முப்பத்தெட்டு வீடு. கடலுக்கும் வீடுகளுக்கும் இடையில் அந்த மணல் திட்டி. அதன்மேல் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் படர்ந்து கிடக்கும். சின்ன வயதில் அந்தப் புல் காலில் குத்தி நீ அழுதுகொண்டு வருவாய். திட்டிக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில்தான் நமக்குக் கிணறு, மரவள்ளி, மிளகாய், கீரைப் பாத்தி எல்லாம். ஆள் உயரம் தோண்டினால் நல்ல தண்ணீர். இருபுறமும் உப்புக்கு நடுவில் அந்த நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்று நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அது தன் பாட்டில் இருக்கும், நாம் நம் பாட்டுக்குக் குடிப்போம்.

ஊருக்கு ஒருத்தி மருமகளாக வந்தால் மூன்றாம் நாள் காலை பெண்கள் எல்லோரும் வந்து அவளைத் திட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுடைய வீட்டுச் சேலை ஒன்றை விரித்து இரண்டு பேர் இரண்டு தலைப்பையும் பிடித்துத் திட்டியோடு நீட்டுவார்கள். அந்தச் சேலை நீளம்தான் அவளுடைய துண்டு. மாமி கையால் பார்த்து வந்த துண்டு அன்றைக்கு மருமகள் கைக்கு வரும். அதில் மண் இறங்கினால் ஓலை நடுவது, புல் காய்ந்தால் புதுக்கொடி வைப்பது, ஆடுமாடு ஏறாமல் முள் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பிறகு அங்கேயே உட்கார்ந்து அவலும் தேங்காய்ப்பூவும் தின்று, சிரித்துக் கதைத்துவிட்டு வருவார்கள். ஆண்கள் நாங்கள் அதைப் பெண்களின் ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். பின்னேரம் அடுப்பு வேலை முடிந்து ஓலையோடு போகிறவர்களைப் பார்த்தால், முற்றம் கூட்டப் போகிறார்கள் என்கிற அளவுக்குத்தான் எங்கள் எண்ணம். ஒருத்திக்கு ஒரு துண்டுதான், மகன். இரண்டு துண்டு பார்க்க ஒருத்திக்கும் நேரம் கிடையாது. அதனால் நம்முடையதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நான் சொந்தமாகக் கரைவலை வாங்கினேன். அதுவரைக்கும் அடுத்தவன் வலையை இழுத்தவன், ஒரே நாளில் சம்மாட்டி ஆனேன். சிலாபத்துச் சம்மாட்டிமார் வீட்டில் பெண்கள் வெள்ளைச் சட்டை போட்டுக் கதிரையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ரேந்தை பின்னுவதைப் பார்த்திருந்தேன். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கிப் போயிருந்தது. ஒரு நாள் முந்தலிலிருந்து கருவாடு வாங்க வந்த முதலாளி, நம்முடைய வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், திட்டிப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்.

"சம்மாட்டி, அந்தா ஓல சொமந்துகொண்டு போறது உங்கட பெண்சாதிதானே? ஏன், ஒரு ஆள் வெக்க ஏலாதா?"

அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அன்றைக்குப் பின்னேரம் உன் அம்மாவிடம், இனிமேல் நீ கரைக்குப் போகக் கூடாது, சம்மாட்டி வீட்டுக்கு அது மரியாதை இல்லை என்றேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. "சரி, நீங்க சொன்னாச் சரி," என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மதலேனாள் அக்கா அவளைக் கூப்பிட வந்தாள். நீ அவளை மறந்திருக்க மாட்டாய், மாங்காய் பறித்ததற்கு உன்னைத் துரத்தித் துரத்தி அடித்தவள். நான் வாசலில் நின்றுகொண்டு, "இனி இவ வரமாட்டா," என்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக உன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலத்தைப் பார்த்தாள். அக்கா திரும்பிப் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முதலாளியின் மாட்டுக் கரத்தை வண்டி கடற்கரை வரைக்கும் வந்தால் மீன் சுமக்கிற வேலை மிச்சம் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. திட்டியில் யாருடைய துண்டை வெட்டுவது? என் பெண்சாதியின் துண்டு இருக்கிறதே, கேட்க ஆள் இல்லை. வலைக்காரர் நாலு பேரோடு போய், புல்லைக் கிளறி, முள்ளை எரித்து, மண்ணைத் தள்ளி ஒரு பாதை போட்டேன். முதல் கரத்தை அந்தப் பாதையால் இறங்கி வந்தபோது நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரில் பாதி ஆண்கள் வந்து நின்று பார்த்தார்கள். உன் அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டு தரம், தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்குவதற்கு முன்னால் மதலேனாள் அக்கா வந்தாள். உள்ளே வரமாட்டாள், வேலியடியில் நின்று கதைப்பாள். "சம்மாட்டி, உங்கட துண்டுல மண் எறங்கிப் போச்சு. அவவ அனுப்புங்க, இல்லாட்டி நாங்களாவது அடைக்கிறம்." நான் சிரித்தேன். "அடைச்சாக் கரத்த எங்கால போற அக்கா, உங்கட தலைக்கு மேலாலயா?" என்றேன். என்னோடு நின்ற ஆட்களும் சிரித்தார்கள். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டேன் என்று நானும் இரண்டு நாள் திரும்பத் திரும்ப நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

ஒன்பது வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யுத்தம் வந்து கொழும்பில் குண்டு விழுந்தது, பர்மா அரிசி நின்றது. நீ அப்போது துறைமுகத்தில் இருந்தாய். நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் நாங்கள் பதினொரு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தோம். உன் கடிதம் வந்ததற்கு அடுத்த மாதம் சோளகம் கிளம்பியது. அந்த வருடக் கடலை உனக்கு எழுதும்போது, கடல் கொஞ்சம் உள்ளே வந்தது, எல்லோரும் சுகம் என்று இரண்டு வரியில் முடித்தேன். எல்லோரும் சுகம் என்பது உண்மை. கொஞ்சம் என்பது பொய்.

விடியற்காலையில் கோழிகள் போட்ட சத்தத்தில்தான் எழும்பினேன். கதவைத் திறந்தால் முற்றத்தில் தண்ணீர் ஓடுகிறது. மழை இல்லை, வானம் வெளுத்துத்தான் இருந்தது. கடல் என்னுடைய கரத்தைப் பாதையால் ஏறி, நேராக வந்து, பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு எங்கும் இல்லை, மகன். நம்முடைய வீட்டுக்கு இந்தப் பக்கம் பதினாறு துண்டு, அந்தப் பக்கம் இருபத்தொரு துண்டு, அத்தனையும் அப்படியே நின்றது. அலை அங்கே வந்து மோதும், நுரையை விட்டுவிட்டுத் திரும்பும். என்னுடைய இடத்தில் மட்டும் அதற்கு நான் வாசல் வைத்துக் கொடுத்திருந்தேன். மூன்று நாள் ஏறி இறங்கியது. பள்ளம் முழுக்க உப்புத் தண்ணீர் தேங்கியது. மரவள்ளி இலை சுருண்டு கருகியது. தோண்டிப் பார்த்த கிழங்கெல்லாம் அழுகல். வடக்கு மூலையில் இரண்டு கிணறு தவிர ஊரில் இருந்த கிணறெல்லாம் வாயில் வைக்க ஏலாமல் போனது. அரிசிக் கூப்பனுக்குக் கிடைப்பது இரண்டு நாளைக்குக் காணாது. சோளகத்தில் கடலுக்கும் போக முடியாது. முப்பத்தெட்டு வீட்டுச் சாப்பாட்டையும் தண்ணீரையும் நான் ஒருவன் கெடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

ஊரில் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆண்கள் நாங்கள் கூடினோம். தென்னங்குற்றி உருட்டினோம், சாக்கில் மண் நிரப்பி அடுக்கினோம், பாதையை நெஞ்சு உயரத்துக்கு அடைத்துவிட்டு வந்து படுத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் குற்றிகள் பள்ளத்தில் மிதக்கின்றன. சாக்கெல்லாம் வெறும் சாக்கு. இரண்டாம் தரமும் அடுக்கினோம், அதையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஆண்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் பெண்கள் கூட்டம் போடவில்லை, கதைக்கவில்லை. நாங்கள் குற்றி உருட்டத் தொடங்கிய முதல் நாளே பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு களப்புக்கு இறங்கிவிட்டார்கள். களப்பை நான் எப்போதும் குட்டை என்று இளக்காரமாகச் சொல்வேன், நம்முடைய வலை கடல் வலையல்லவா. இடுப்பளவு தண்ணீரில் காலால் தடவித் தடவி மட்டி எடுத்தார்கள். கண்டல் வேருக்குள் கையை விட்டு நண்டு பிடித்தார்கள். சேலைத் துணியால் சின்ன இறால் கோலினார்கள். கரையில் உமரிக் கீரை கிள்ளினார்கள். எந்த இடத்தில் எந்த மாதம் எது கிடைக்கும், எதைக் குஞ்சு என்று விட வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடம். கண்டல் மரத்தில் விறகு வெட்டப் போன என்னை முந்தி ஒரு தரம் அவர்கள் விரட்டியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கொண்டுவந்ததை எல்லாம் பூவரச மரத்தடியில் ஒரே பாயில் கொட்டுவார்கள். யார் அதிகம் கொண்டுவந்தாள் என்ற கதையே இல்லை. வீட்டில் எத்தனை வாய் என்று கேட்டுப் பங்கு வைப்பார்கள். கைக்குழந்தைக்காரிக்கு ஒரு கை கூட. நல்ல கிணறு இரண்டிலும் குடத்துக்கு முறை வைத்து, தண்ணீருக்குச் சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

நம்முடைய வீட்டுப் பங்கு என்னவாகும் என்று நான் பயந்தேன். ஒன்பது வருடம் கரைக்கு வராத வீடு, கடலைக் கூட்டிக்கொண்டு வந்த வீடு. மூன்றாம் நாள் மதலேனாள் அக்கா ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியடியில் வந்து நின்றாள். சோளகத்துக்கு முந்திப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து, உப்பும் கொறுக்காய்ப்புளியும் போட்டு மீனை ஜாடியில் அடைத்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நம்முடைய வீட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"இது உங்கட வீட்டுப் பங்கு," என்றாள்.

"எங்களுக்கு ஏது அக்கா பங்கு? நாங்கதான் விட்டுட்டமே."

"விட்டது நீங்க. அவ விடல்ல," என்றாள். "ஒவ்வொரு வருசமும் ஒரு ஜாடி அவட பேர்ல வெச்சம். கேட்டு வராட்டி, இல்லாத ஆளுக்குக் குடுத்தம். இந்த வருசம் நீங்கதான் இல்லாத ஆள்."

ஜாடியை வேலிக்கு மேலால் தந்துவிட்டுப் போய்விட்டாள். அந்த ஜாடியிலிருந்து ஒரு துண்டு மீனும் இரண்டு கரண்டி பனங்கிழங்கு ஒடியல் கூழும்தான் பல நாள் எங்களுக்குச் சாப்பாடு. முப்பத்தெட்டு வீட்டிலும் அப்படித்தான். அந்த வருடம் நம்முடைய ஊரில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை, மகன். அரிசி இல்லாமல், தோட்டம் இல்லாமல், கடல் இல்லாமல், ஒரு குழந்தைகூட. கோயிலில் சுவாமி அதைக் கடவுள் செய்த புதுமை என்று பிரசங்கம் வைத்தார். நானும் ஆமென் சொன்னேன். ஆனால் அந்தப் புதுமை இடுப்பு வரைக்கும் நனைந்து, கால் விரல் எல்லாம் ஓடு கீறி, என் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கடல் கொஞ்சம் இறங்கி, காற்று மட்டும் விடாமல் வீசத் தொடங்கியதும் அவர்கள் திட்டிக்கு வந்தார்கள். நாங்கள் குற்றி அடுக்கிய இடத்தில் பழைய தென்னோலைக் கிடுகையும் உடைமர முள்ளையும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசையாக நட்டார்கள். ஓலைக்கு ஓலை விரல் போகிற இடைவெளி. எனக்குப் பொறுக்கவில்லை. குற்றியே நிற்காத இடத்தில் ஓட்டை வேலி போடுகிறார்களே என்று, "நெருக்கி அடைச்சாத்தானே அக்கா நிக்கும்?" என்று கேட்டேன்.

"நெருக்கினாக் காத்து மோதிப் போட்டுத் திரும்பிரும்," என்றாள். "வழி உட்டாத்தான் கொண்டுவந்த மண்ண இதுல போட்டுட்டுப் போவும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வேலிக்குப் பின்னால் ஒரு சாண் மணல். யாரும் மண் சுமக்கவில்லை, யாரும் கொட்டவில்லை. ஒரு கிழமையில் வேலி மூடிப் போனது. அதற்கு மேலே இன்னொரு வரிசை நட்டார்கள். அதுவும் மூடியது. மேலே இன்னொன்று. எங்கள் கண்ணில் மண்ணை அடிக்கிற அந்தச் சோளகக் காற்றை, வள்ளத்தைக் கவிழ்க்கிறது என்று நாங்கள் திட்டித் தீர்க்கிற அந்தக் காற்றை, பெண்கள் வேலைக்கு வைத்திருந்தார்கள். கடல் உடைத்ததைக் கடற்கரை மண்ணைக் கொண்டே காற்று கட்டிக் கொடுத்தது. மூன்று மாதத்தில் திட்டி என் நெஞ்சு உயரம். தினமும் காலையில் போய் நின்று பார்ப்பேன். அறுபது வயதை நெருங்கும் ஆள், வாயைப் பிளந்துகொண்டு மணலைப் பார்க்கிறேன் என்று வலைக்காரர் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

நான் உதவிக்குப் போனேன். ஓலை சுமந்தேன். காட்டிய இடத்தில் போட்டுவிட்டு இறங்கிப் போகச் சொன்னார்கள். ஆண்கள் மிதித்தால் திட்டி அமர்ந்துவிடுமாம், நாங்கள் நடக்கிற நடை அப்படியாம். சம்மாட்டி என்று ஒரு சொல் அங்கே எடுபடவில்லை. ஐப்பசி மழை விழுந்த மறுநாள் உன் அம்மா குசினியிலிருந்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, மண்வெட்டியை எடுத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் மறிக்கவில்லை. அடுத்த துண்டிலிருந்து புல்லின் வேரும் அடம்பன் தண்டும் பிடுங்கிக் கொடுக்க எல்லோரும் தயாராக நின்றார்கள். அவள் தன்னுடைய துண்டில் குனிந்து ஒவ்வொரு கணுவாகப் புதைத்தாள். ஒன்பது வருடம் கழித்தும் எந்தக் கணு வேர்விடும் என்று அவளுடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. நடுவில் ஒருத்தி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். உன் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அடுத்த வருடச் சோளகம் முந்தின வருடத்துக்குக் குறைவில்லாமல் வந்தது. நான் விடிய எழும்பித் திட்டிக்கு இந்தப் பக்கம் போய் நின்றேன். மதில் மாதிரி எழும்பி வருகிற தண்ணீரைப் பார்த்ததும் கால் தானாகப் பின்னுக்குப் போனது, பொய் சொல்ல மாட்டேன். அலை வந்து மோதியது. பாதி உயரம் ஏறியது. புல்லுக்குள் நுழைந்து, சளசளவென்று சத்தம் போட்டு, சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிப் போனது. திரும்ப வந்தது, திரும்பப் போனது. மத்தியானம் வரைக்கும் நின்று பார்த்தேன். என் கால் நனையவில்லை. உன் அம்மா நட்ட கொடியில் ஊதாப் பூ அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, மகன். மாதா கோயிலில் நற்கருணை எழுந்தேற்றத்தின்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு வருமே, அது வந்தது. நான் முழங்காலில் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மதலேனாள் அக்கா பார்த்திருக்கிறாள், பிறகு ஊர் முழுக்கச் சொன்னாள்.

துறைமுகத்துக் கல்லணையைப் பற்றி நீ முந்தி ஒரு கடிதத்தில் எழுதினாய். ஒவ்வொரு கல்லும் ஒரு வீட்டளவு, இயந்திரம் வைத்துத்தான் தூக்குவார்கள், வெள்ளைக்காரத் துரைமார் நாலு பேர் படம் வரைந்து பார்த்துத்தான் போட்டார்கள் என்று. அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் நம்முடைய கடலும் அதே கடல். இங்கே அதை நிறுத்துவது முப்பத்தெட்டுப் பெண்கள், சோறு வடித்த பிறகு கிடைக்கிற நேரத்தில், காய்ந்த ஓலையையும் கொடியையும் கொண்டு. படம் வரைய யாரும் இல்லை. கவர்னர் வந்து ரிப்பன் வெட்டவும் இல்லை. நானும் இந்த ஊரில் பிறந்து, அதற்குப் பின்னால் கிடைத்த நல்ல தண்ணீரைக் குடித்து வளர்ந்து, சம்மாட்டியும் ஆகி, அதைக் காணாமலே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் உன் அம்மாவிடம் கேட்டேன். திட்டி உடையும் என்று உனக்குத் தெரியும்தானே, அன்றைக்கு ஏன் என்னோடு வாதாடவில்லை, ஏன் சரி என்று சொன்னாய் என்று. அவள் மட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்," என்றாள். "நீங்க கேக்கல்லயே. சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

இப்போது அவளால் திட்டி ஏற முடியாது. முழங்கால் மடக்க ஏலாது, ஏறினால் இறங்க ஆள் பிடிக்க வேண்டும். இந்த ஐப்பசி மழைக்கு நம்முடைய துண்டில் கொடி வைக்க ஒருத்தி வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சோளகத்துக்கு ஒரு சேலை நீளத்துக்கு வாசல் திறந்திருக்கும். பிலோமினா வராவிட்டால் அந்தத் துண்டை நான் பார்க்கலாமா என்று போன ஞாயிறு பூசை முடிந்து மதலேனாள் அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கோயில் முன்றலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "பாப்பம், சம்மாட்டி. மொதல்ல நடக்கப் பழகுங்க," என்றாள். இல்லை என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

இன்று காலையில் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பந்தலைப் பற்றி எழுதியிருக்கிறாய். உன்னுடைய துரை பரிசாகத் தந்த மணிக்கூட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். கிளாக்கரின் பெண்சாதிக்கு எது அழகு, எது அழகில்லை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பிலோமினா என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் தேடிப் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள். நமக்குத் தெரியாத வேலை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கலாம். சின்ன வயதிலிருந்து சேற்றில் நின்று அலுத்து, கொழும்பில் கதிரையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டும் இருக்கலாம். அதுவும் நியாயம்தான், அதற்கும் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். எது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அதனால் மூன்றாம் நாள் நான் வாசலில் நிற்கமாட்டேன். கூப்பிட வருகிறவர்களுக்கு அவள் சொல்கிற பதிலைத்தான் இந்த வீடு சொல்லும். வா என்று நான் அவளைத் தள்ளவும் மாட்டேன், போகாதே என்று மறிக்கவும் மாட்டேன். அவளுக்கு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடு, கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் உச்சமுனைக்குப் போய்ச் சேரும். உன்னுடைய விருப்பத்தை அதில் எழுதாதே. இங்கே இப்படி ஒரு வேலை இருக்கிறது, உனக்கு என்ன மனம் என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பேசாமல் இரு. எனக்கு அதைப் பழக ஒன்பது வருடமும் ஒரு கடலும் தேவைப்பட்டது. உனக்கு மூன்று கிழமை இருக்கிறது.

உன் அப்பா